கடற்கரைத் திண்ணை

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மையார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரனுக்கு இருபத்தொரு வயது. பரீட்சை எழுதி முடித்துவிட்டான். நான்கு நாள் புதுச்சேரிக்குப் போய்வர வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறான். கூட வர யாரும் இல்லை. கையில் மூவாயிரம் ரூபாய்தான் உண்டு. "அவனைப் போன்ற பிள்ளைகள் அந்த ஊரில் எங்கே கூடுவார்கள்? நல்ல துணை கிடைக்குமா? தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுத்துத் திரும்பி வந்தால் அது என்ன யாத்திரை?" என்று அம்மையார் கேட்கிறார்.

கடைசிக் கேள்வியைப் படித்ததும் நாம் எழுந்து உட்கார்ந்துகொண்டோம். பிள்ளையை வெளியூர் அனுப்பும் தாய்மார்கள் வழக்கமாகக் கேட்பது, "சாப்பாடு நன்றாயிருக்குமா? படுக்கை சுத்தமாயிருக்குமா?" என்பதுதான். இந்த அம்மையாரோ மனிதர்களைப் பற்றி விசாரிக்கிறார். பிரயாணத்தின் மர்மம் இன்னதென்று தெரிந்தவர் என்றே சொல்ல வேண்டும். ஆகையால் இந்த வாரத்துப் பகுதியை அவருக்கே சமர்ப்பித்துவிட்டோம்.

பணம் படைத்த பிரயாணிக்குப் பிற மனிதர் தேவையில்லை. வண்டி வாசலில் நிற்கும். அறைக்குள்ளேயே ஆகாரம் வரும். ஜன்னலைத் திறந்தால் சமுத்திரம் தெரியும். யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே அவர் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். பணமில்லாத பிரயாணியின் கதை வேறு. அவன் வழி கேட்க வேண்டும். மலிவான சாப்பாட்டுக்கடை எது என்று விசாரிக்க வேண்டும். ஆட்டோ சத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ள இன்னொருவரைத் தேட வேண்டும். அவனுடைய வறுமையே அவனை மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். வழிநடைக்காரருக்கென்று சத்திரமும் சாவடியும் கட்டினார்கள். அதற்கும் வசதியில்லாதவர்கள் வீட்டு வாசலில் ஒரு திண்ணை வைத்தார்கள். புதுச்சேரியின் தமிழ் வீதிகளில் இன்றும் இதைக் காணலாம். வீட்டுக்கு முன்னே திண்ணை. திண்ணைக்கும் முன்னே, வீதியை ஒட்டி, மரக்கால்கள் தாங்கும் தாழ்வாரம். தாழ்வாரம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிறவனுக்கு. திண்ணை உட்கார்ந்து இளைப்பாறுகிறவனுக்கு. வீட்டுக்காரனுடைய வீடு அதற்கு அப்புறந்தான் ஆரம்பமாகிறது!

அந்த ஊரின் சரித்திரமே கையில் காசில்லாத விருந்தாளிகளின் சரித்திரம் என்றால் மிகையில்லை. 1908-ஆம் வருஷத்தில் சுப்பிரமணிய பாரதியார் ஆங்கிலேயர் சர்க்காரின் பிடிக்கு அகப்படாமல் இங்கே வந்து சேர்ந்தார். 1910-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி 'துய்ப்ளே' என்னும் கப்பலில் அரவிந்தர் வந்து இறங்கினார். கலவை சங்கரஞ் செட்டியார் தம் வீட்டு மாடியை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார். அதே வருஷத்தில் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தார். ஒருவர் தென்பாண்டி நாட்டவர், ஒருவர் வங்காளி, ஒருவர் திருச்சிராப்பள்ளிக்காரர். ஊரெல்லாம் ஒற்றர்கள் மலிந்திருந்த காலம். புதிதாக வந்தவனுக்கு இடம் கொடுப்பது ஆபத்து. ஆனாலும் இடம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பாரதியார் இங்கே தங்கிய பத்து வருஷத்தில் தமிழுக்குக் கிடைத்த செல்வம் என்ன என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்நியனுக்கு ஒதுக்கப்பட்ட ஓர் அறைக்கும் ஒரு தேசத்தின் இலக்கியத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறோம்.

நிற்க. பழங்கதை பேசி அம்மையாரின் கேள்வியைத் தட்டிக் கழிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அவருடைய கடிதம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நாமே புதுச்சேரிக்குப் போயிருந்தோம்; அதுவும் அவர் மகன் போக விரும்புவதைப் போலவே, தனியாக, சிக்கனமாக.

விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயிலில் ஏறினோம். 1879-ஆம் வருஷத்தில் போட்ட பாதை இது. முப்பத்தெட்டுக் கிலோமீட்டர் தூரம். புதுச்சேரியில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு சிறிய விடுதியின் வாசற்படி ஏறினோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நம்மையும் பார்த்தார். நமக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"கூட யாரும் வரவில்லையா, சார்?"

"இல்லை."

"தனி ஆளுக்கு ரூம் கொடுப்பதில்லை, சார்."

"நான் ஒருவன்தானே! குறைந்த இடம், குறைந்த தண்ணீர், குறைந்த சத்தம்!" என்று வாதித்துப் பார்த்தோம். பயனில்லை. தனியாக வருகிறவன் என்ன விபரீதம் செய்துவிடுவானோ என்று விடுதிக்காரர்களுக்குப் பயம். ஐம்பது வயதைத் தாண்டிய வழுக்கைத் தலையைப் பார்த்தும் அந்தப் பயம் தெளியவில்லை.

நாம் படியிறங்கும்போதே ஓர் ஐரோப்பிய இளைஞர் ஏறினார். இரண்டு நிமிஷத்துக்கெல்லாம் அவரும் இறங்கிவிட்டார். "உங்களுக்கு என்ன காரணம் சொன்னார்கள்?" என்று கேட்டோம். "நான் அந்நிய தேசத்தான்; அதுதான் காரணம்" என்றார்.

இதன் உட்பொருளை நேயர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் வெளிநாட்டாரைத் தங்க வைக்கும் எந்த விடுதியும், அவர் வந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரத்தைச் சர்க்காருக்கு அனுப்ப வேண்டும். இப்போது அதைக் கணினி வழியாகவே அனுப்பலாம். ஆயினும் சிறிய விடுதிக்காரர்கள் பலர் அந்தத் தொல்லையே வேண்டாமென்று வெள்ளைக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறான அநியாயமும் தேசத்தின் வேறு சில ஊர்களில் நடந்திருக்கிறது. வெளிநாட்டாருக்கு மட்டுமே இடம், இந்தியருக்குக் கிடையாது என்று சில விடுதிகள் சொன்னது பத்திரிகைகளிலேயே வந்தது. சுதந்திர நாட்டில் இந்தியனுக்கு இடமில்லை என்று சொல்லும் வாசலைக் கண்டால் இரத்தம் கொதிக்காதவர் யார்? அன்று நாங்கள் இருவரும் நின்ற வாசலோ இரண்டு தேசத்தாரையும் சமமாக நடத்திவிட்டது. இருவருக்குமே இடமில்லை!

அந்தப் படியில் ஆரம்பமாயிற்று சிநேகிதம். அவர் பெல்ஜிய தேசத்தவர், தச்சுவேலை தெரிந்தவர், சைக்கிளிலும் ரயிலிலுமாகத் தேசம் சுற்றுகிறவர். இருவருமாகத் தேடியதில், எட்டுக் கட்டில்கள் போட்ட ஒரு பொதுக்கூடத்தில் இரண்டு இடம் அகப்பட்டது. தனி அறைக்கு ஆகும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அங்கே ஏற்கெனவே மதுரையைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும், அஸ்ஸாமிலிருந்து வந்த இரண்டு மாணவர்களும் இருந்தார்கள். இரவு எட்டு மணிக்குள் தபால்காரர் எல்லாருடைய ஊர், தொழில், குடும்ப விவரங்களையும் திரட்டிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் பிறர் விலாசங்களைப் படித்த மனிதர் அல்லவா!

ஆகவே, அம்மணி, உங்கள் முதல் கேள்விக்கு முதல் விடை இதுதான்: பிள்ளையைத் தனி அறையில் தங்கவிடாதீர்கள், பொதுக்கூடத்தில் தங்கச் சொல்லுங்கள். இப்போது நகரத்தில் இத்தகைய இடங்கள் பல உண்டு. வடக்கே முத்தியாலுப்பேட்டையைச் சேர்ந்த சோலை நகரில், கடலுக்குப் பக்கத்தில், இளைஞர் விடுதியும் இருக்கிறது. இந்த 'இளைஞர் விடுதி' என்னும் யோசனை பிறந்த விதமே சுவாரசியமானது. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற உபாத்தியாயர் தம் மாணவர்களைக் கால்நடையாக அழைத்துச் சென்றார். 1909-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒருநாள் பெரும் புயலும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் வைக்கோலின்மேல் தூங்க, வாத்தியார் மட்டும் விழித்திருந்து, 'ஊருக்கு ஊர் இப்படி ஓர் இடம் இருந்தால் என்ன?' என்று யோசித்தார். அன்றிரவு முளைத்த எண்ணம் உலகமெங்கும் கிளைவிட்டுவிட்டது. நம் ஊர்ச் சாவடியைப் பார்த்திருந்தால் அந்த வாத்தியார் ஒரு இராத்திரித் தூக்கத்தை மிச்சப்படுத்தியிருப்பார்!

இனி, படுக்கை போக மற்ற இடங்கள். முதலாவது, சந்தேகமின்றி, கடற்கரை. பழைய கலங்கரை விளக்கம், யுத்த நினைவுச் சின்னம், காந்தியடிகளின் சிலை எல்லாம் அந்த வீதியில்தான் இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரையில் அங்கே வண்டிகள் ஓடுவதில்லை. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் சாலையை மறித்துவிட்டால் ஊரே அங்கே இறங்கி நடக்கிறது. சுண்டல் விற்பவரும், பெரிய உத்தியோகஸ்தரும், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் கிழவரும், முதுகில் மூட்டை சுமந்த பிரயாணியும் ஒரே சுவரின்மேல் உட்காருகிறார்கள். காந்தியடிகள் 1934-ஆம் வருஷம் பிப்ரவரியில் இந்த ஊருக்கு வந்து போனார். இப்போது பதின்மூன்று அடி உயரத்தில், எட்டுக் கல் தூண்களுக்கு நடுவே, கையில் கோலுடன் நடக்கும் பாவனையில் நிற்கிறார். அவரைவிடச் சிக்கனமான பிரயாணி யார்? மூன்றாம் வகுப்பு வண்டியிலேயே தேசம் முழுவதையும் சந்தித்தவர் அல்லவா! அவர் காலடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எவனுக்கும் துணை கிடைத்துவிடும்.

இரண்டாவது, நேரு வீதியிலுள்ள இந்தியன் காப்பி ஹவுஸ். தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்தும் காப்பிக்கடைகளைச் சேர்ந்தது இது. காப்பி போர்டு தன் கடைகளை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த சிப்பந்திகள் ஏ. கே. கோபாலன் முதலியோரின் முயற்சியால் 1957 முதல் ஊருக்கு ஊர் சங்கம் அமைத்து, தாங்களே கடை நடத்தத் தலைப்பட்டார்கள். கனடா தேசத்து ஆசிரியர் யான் மார்ட்டெல் 2001-இல் வெளியிட்ட 'லைப் ஆப் பை' என்னும் நாவல், இந்தக் காப்பிக் கடையில் ஓர் அந்நியப் பிரயாணியும் உள்ளூர் முதியவர் ஒருவரும் சந்தித்துப் பேசுவதிலிருந்துதான் ஆரம்பமாகிறது. அந்தச் சந்திப்பு கற்பனையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கற்பனை பிறக்கத்தக்க இடம் அது என்பதில் சந்தேகமில்லை. மேஜை காலி இல்லையென்றால் முன்பின் தெரியாதவர் எதிரே உட்காருவது அங்கே சகஜம்.

மூன்றாவது, ஆசிரமத்துப் போஜனசாலை. அரவிந்தாசிரமம் 1926-ஆம் வருஷம் நவம்பர் 24-ஆம் தேதி ஏற்பட்டது. வெளியிலிருந்து வருகிறவர்களும் சொற்பக் கட்டணத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே சாப்பிடலாம். காரமில்லாத, எளிய ஆகாரம். குஜராத்தியும் வங்காளியும் ஒரியாக்காரரும் ஜெர்மானியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அதிகம் பேசாமல் சாப்பிடுகிறார்கள். பேசாவிட்டால் எப்படிச் சிநேகம் உண்டாகும் என்று கேட்கலாம். சாப்பிட்ட பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் உண்டாகிறது! ஆசிரமத்தைச் சேர்ந்த விருந்தினர் விடுதிகளிலும் மிதமான வாடகைக்கு இடம் கிடைக்கும். இரவில் குறித்த நேரத்தில் கதவு சாத்திவிடுவார்கள். புகையும் மதுவும் கூடாது. உங்களைப் போன்ற தாய்மாருக்கு இந்த விதிகள் மிகவும் பிடிக்கும் என்று நம்புகிறோம்.

நான்காவது, பாரதி பூங்கா. அதன் நடுவேயுள்ள வெள்ளை மண்டபத்துக்கு ஆயி மண்டபம் என்று பெயர். கிருஷ்ணதேவராயர் ஒரு தாசியின் மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டு, உண்மை தெரிந்ததும் கோபங்கொண்டு இடிக்கச் சொன்னாராம். ஆயி என்னும் அந்தப் பெண் தானே வீட்டை இடித்து, அவ்விடத்தில் ஜனங்களுக்காகக் குளம் வெட்டினாளாம். பிற்காலத்தில், மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியின் நாளில், அந்தப் பக்கத்திலிருந்துதான் நகரத்துக்குக் குடிநீர் வந்தது; அதன் ஞாபகமாகவே மண்டபம் எழுந்தது. முன்பின் அறியாதவருக்குத் தண்ணீர் கொடுத்தவளுக்கு ஒரு சக்கரவர்த்தியின் சின்னம்! பக்கத்திலேயே 1827-இல் ஏற்பட்ட பொது நூலகம் இருக்கிறது. காந்தியடிகளைப் பற்றியும் இராமகிருஷ்ணரைப் பற்றியும் விவேகானந்தரைப் பற்றியும் ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்ன ரோமன் ரோலந்தின் பெயரை அது தாங்கியிருக்கிறது. மத்தியான வெயிலுக்குப் பூங்காவையும் நூலகத்தையும் மிஞ்சிய புகலிடம் கிடையாது. இரண்டிலும் வாடகை கேட்பவர் எவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் மகாத்மா காந்தி வீதியில் சந்தை கூடுகிறது. பழைய புத்தகக் குவியலுக்கு முன்னால் குந்தியிருக்கும் இரண்டு பேர் ஒரே புத்தகத்துக்குக் கை நீட்டினால், அங்கே ஒன்று சண்டை, இல்லையேல் சிநேகம். கால் வலு உள்ளவர்கள் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வடக்கே பத்துக் கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆரோவில்லுக்குப் போகலாம். 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி, 124 தேசங்களின் பெயரால் ஆளுக்கொரு பிடி மண் கொண்டுவந்து போட்டு ஆரம்பித்த நகரம் அது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அக்கம்பக்கத்து ஜில்லாக்களைவிட மது மலிவு என்பதற்காகவே புதுச்சேரிக்கு வரும் கூட்டமும் உண்டு. அந்தக் கூட்டத்திலும் சிநேகம் உடனே உண்டாகும். போதை தெளிந்ததும் தெளிந்துவிடும். பையனிடம் இதை ஒளிக்காமல் பேசிவிடுங்கள். கடற்கரைப் பாறைகளுக்கு அப்பால் இறங்கிக் குளிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். இரண்டாம் நாள் காலையில் பெல்ஜிய நண்பர் தம் கையிலிருந்த படத்தை எங்களுக்கு விரித்துக் காட்டினார். பிரயாணிகளுக்கென்று அச்சிட்ட படம். கடலுக்கும் வாய்க்காலுக்கும் இடையிலுள்ள பகுதியில் ஒவ்வொரு வீடும் குறித்திருந்தது. மேலே 'வெள்ளை நகரம்' என்று கொட்டை எழுத்து. வாய்க்காலுக்கு மேற்கே நாலைந்து கோடுகள், அவ்வளவுதான்.

"இந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லையா?" என்று அவர் கேட்டார்.

மதுரைத் தபால்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். அவருடைய மூக்குக் கண்ணாடிக்குள் ஒரு கோபம் தெரிந்தது. "ஒன்றுமில்லை என்று போட்டவனுக்கு விலாசம் தெரியவில்லை. புறப்படுங்கள், தம்பி!" என்றார்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் வாய்க்காலின் ஒரு கரை வெள்ளையருக்கு, மறு கரை கறுப்பருக்கு என்று ஊரைப் பிரித்திருந்தார்கள். 1954-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி அவர்கள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் முடிந்தது. ஆட்சி போய் எத்தனையோ காலமாகியும், விளம்பரத்துக்காக நாமே அந்தக் கோட்டை மறுபடி மறுபடி மை தொட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்!

அன்று நாங்கள் ஐந்து பேரும் வாய்க்காலைத் தாண்டினோம். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீட்டைப் பார்த்தோம். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீட்டைப் பார்த்தோம். மரக்கால் தாழ்வாரங்களின் நிழலிலேயே நடந்தோம். தச்சர் ஒவ்வொரு தூணையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். எத்தனையோ திண்ணைகளுக்கு இப்போது இரும்புக் கம்பி அடித்துவிட்டார்கள். திருட்டுப் பயம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பியில்லாத ஒரு திண்ணையில் ஒரு பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாங்கள் நிழலுக்காகச் சற்று நின்றோம். பாட்டி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் கீரைத் தட்டை நகர்த்தி இடம் பண்ணினாள்.

உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் வந்தது. தச்சரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளை சாப்பிட்டதா?" என்று பாட்டி தபால்காரரைக் கேட்டாள்.

அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் தச்சர் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, "மூன்று மாதமாக இந்தத் தேசத்தில் சுற்றுகிறேன். எந்த ஊர், எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று தினந்தோறும் கேட்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டவர் இவர்தான்" என்றார். அஸ்ஸாம் மாணவர்களில் ஒருவன், "எங்கள் பாட்டியும் இப்படித்தான் கேட்பாள்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிரயாணிகள் ஒருவரையொருவர் சந்திக்க நகரசபைகளும் சர்க்காரும் செய்யக்கூடியது எவ்வளவோ உண்டு. பொதுக்கூட விடுதிகளைப் பெருக்கலாம். 'தனி ஆளுக்கு இல்லை, அந்நியனுக்கு இல்லை, இந்தியனுக்கு இல்லை' என்னும் மூன்று இல்லைகளையும் இல்லையென்று ஆக்கலாம். வாய்க்காலின் இரண்டு கரைகளையும் காட்டும் ஒரு படத்தை அச்சிடலாம். அதற்குப் பெரிய செலவில்லை. ஆனால் பாட்டி செய்ததை எந்தச் சர்க்காரும் செய்ய முடியாது.

ஆகையால், அம்மணி, பிள்ளையைத் தைரியமாக அனுப்புங்கள். வழியில் பழகுகிறவர்களில் நல்லவர் இன்னார் என்று அறிய நான்கு நாள் போதாதுதான். ஆனால் அறியப் பழகுவதற்கு அதுவே நல்ல ஆரம்பம். தினம் ஒருமுறை வீட்டுக்குப் பேசச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், 'என்னென்ன பார்த்தாய்?' என்று கேட்காமல், 'யார் யாரைப் பார்த்தாய்?' என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் ஊர்ப் பக்கத்தில் கோயில்கள் அதிகம். யார் பெற்ற பிள்ளையோ ஒருவன், தோளில் பையுடன், வெயிலில் உங்கள் வீதியில் வந்து நிற்கக்கூடும். உங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கம்பி அடித்திருக்கிறீர்களா? அடுத்த கடிதத்தில் தெரிவியுங்கள்.